அக்னிவீராகச் சேரப் போகிறீர்களா? ஓடத் தொடங்கும் முன் ஒரு கணக்கு

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. ராணுவப்பேட்டை என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும், அத்தனை வீடுகளிலிருந்து பட்டாளத்துக்கு ஆள் போயிருக்கிறார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைப் பக்கம் வந்தால் பத்துப் பதினைந்து பையன்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பிறகு நானும் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு அங்கே போய் நிற்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஓட்டத்தைப் பற்றியவை. "அண்ணே, நாலு வருஷம் கழிச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்பவன் அரிது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் பணக்கணக்கு

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் சிப்பாய் நிலையில் சேருபவர் 4 ஆண்டு ஒப்பந்தத்தில்தான் சேர முடியும். அப்படிச் சேருபவரைத்தான் அக்னிவீர் என்கிறார்கள். திட்டம் வந்தபோது வயது 17½ முதல் 21 வரை. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பிறந்த தேதி வரம்பு இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள், அதை மட்டும் நம்புங்கள். திருமணமாகியிருக்கக் கூடாது. 4 ஆண்டு முடியும் வரை செய்துகொள்ளவும் கூடாது.

முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய், அடுத்து 33,000, அப்புறம் 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதைக் கேட்டதும் வீட்டில் டிவிஎஸ் ஷோரூம் வரைக்கும் பேச்சு போய்விடுகிறது. பொறுங்கள். சம்பளத்தில் 30 சதவீதம், 4 ஆண்டு முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்படும். முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000தான். நான்காம் ஆண்டில் 28,000. தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் ராணுவத்தின் செலவு. கடினமான இடத்தில் போஸ்டிங் என்றால் அதற்கான படி தனி.

பிடித்தம் 4 ஆண்டில் 5.02 லட்சம் ஆகிறது. அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது ஏறத்தாழ 11.71 லட்சம் கிடைக்கும் என்று அறிவிப்பின்போது சொன்னார்கள். இதற்கு வருமான வரி கிடையாது. பணியில் இருக்கும் வரை 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு, அதற்கு உங்கள் சம்பளத்திலிருந்து பைசா பிடிக்க மாட்டார்கள். பணியின் காரணமாகவே உயிர் போனால் கூடுதலாக 44 லட்சம் கருணைத் தொகை குடும்பத்துக்கு வரும். இதையெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லத் தயங்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி கசப்பான பாதி. 4 ஆண்டு முடிந்ததும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். எடுக்கப்பட்டவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டு பணியாற்றுவார்கள், பென்ஷன் வரைக்கும் போவார்கள். மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் இல்லை. கேன்டீன் கார்டைக் காட்டிச் சரக்கு வாங்கும் தாத்தாவைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இது உறைக்கவே நாள் பிடிக்கிறது.

ஆக, நான்கு பேர் சேர்ந்தால் மூன்று பேர் இருபத்துச் சொச்சம் வயதில் ஊருக்குத் திரும்பி வருவீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக உங்களை வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். நிரந்தரமானால் லாபம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

நன்றாகப் படிக்கும் பையனோ பெண்ணோ நேராக அக்னிவீர் படிவத்தை நிரப்ப வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். அதிகாரியாகும் வழியை முதலில் முயன்று பார்க்கலாமே!

என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வை, மத்தியத் தேர்வாணையமான யூபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது சுமார் 16½ முதல் 19½. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவில் 12 படித்திருந்தாலும் போதும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். கணிதத்துக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்த தாளுக்கு 600, அதற்கு மேல் எஸ்எஸ்பி என்ற படைத் தேர்வு வாரிய நேர்காணலுக்கு 900. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும், நம் பிள்ளைகள் பின்வாங்குவது அங்கேதான். தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு படிப்பு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கையில் கிடைக்கும், செலவு அரசுடையது. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள், அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் வெளிவந்தது.

பட்டம் முடித்தவர்களுக்கு சிடிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. அதில் வென்று குறுகிய காலப் பணிக்கு வருபவர்கள் பயிற்சி பெறும் அகாடமிகளில் ஒன்று நம் பரங்கிமலையில்தான் இருக்கிறது. சென்னைக்காரர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் விமான நிலையத்துக்குப் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு, அல்லது வீட்டு நிலைமை காத்திருக்க விடாது என்றால், அக்னிவீருக்கு வாருங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எந்தப் பிரிவு?

தரைப்படையில் பெரும்பாலானவர்கள் போவது ஜிடி, அதாவது பொதுப்பணி. 10ஆம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 இருக்க வேண்டும். டெக்னிக்கல் பிரிவுக்கு 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்தோடு மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40. கிளார்க் பிரிவுக்கு எந்தப் பிரிவில் 12 முடித்திருந்தாலும் சரி, மொத்தம் 60, பாடத்துக்கு 50. டிரேட்ஸ்மேன் என்றால் சமையல், சலவை, முடிதிருத்தம், தையல் போன்ற வேலைகள். இதில் 10 முடித்தவர்களுக்கும் 8 மட்டும் முடித்தவர்களுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. பெண்களைத் தரைப்படையில் ராணுவக் காவல் பிரிவில் எடுக்கிறார்கள்.

2025இலிருந்து ஒருவர் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்க வழி வந்தது. தகுதி இருந்தால் ஜிடியோடு டெக்னிக்கலையும் போட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், மதிப்பெண் இருப்பவன் டெக்னிக்கலை முதலில் வைக்க வேண்டும். 4 ஆண்டு ஒரு ரேடியோ செட்டையோ வண்டி இன்ஜினையோ பிரித்துப் பூட்டிப் பழகியவனுக்கு வெளியே வேலை கேட்கும்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கும்.

கடலும் வானமும் பிடித்தவர்களுக்குத் தனி அறிவிப்பு, தனித் தேர்வு. கடற்படைக்குப் பயிற்சி ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில், விமானப்படைக்குக் கர்நாடகத்தின் பெலகாவியில். தரைப்படை ஜிடி கேட்கும் 166 செ.மீ. உயரம் இல்லையே என்று வருந்துபவர்கள் இவற்றின் உயர வரம்பைப் பார்க்கட்டும், தரைப்படையைவிடக் குறைவு.

பெயரில் ஒரு எழுத்து

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மைதானத்தில் ஓடியவர்களில் ஓட்டத்தில் விழுந்தவர்களைவிடப் பேப்பரில் விழுந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

நமக்கு இனிஷியல் பழக்கம். ஒரு பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வம் மு', ஆதாரில் 'செல்வம் முனுசாமி', சாதிச் சான்றிதழில் 'மு. செல்வம்'. அப்பா பெயர் ஒன்றில் முனுசாமி, இன்னொன்றில் முனிசாமி. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். வடக்கிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு இவர்கள் மூன்று பேர். அந்தப் பையன் ஓடி, தாண்டி, பீமில், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பதில், பத்து எடுத்துவிட்டு வந்து மேசை முன் நின்றான். ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து காம்பவுண்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்தவன், சட்டை எண்ணைக் கழற்றவே இல்லை.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்புங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் அளவுகோல். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கையும் ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் பிழை என்றால் எளிது, ஆதார் மையத்தில் திருத்தலாம். மதிப்பெண் சான்றிதழிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் இப்போதே பாருங்கள் என்கிறேன்.

வேண்டியவை: 10, 12 மதிப்பெண் சான்றிதழ், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, புகைப்படத்தோடு திருமணமாகாதவர் என்ற சான்று, பள்ளியிலிருந்து ஒன்றும் ஊரிலிருந்து ஒன்றும் நன்னடத்தைச் சான்று, முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், ஒரே மாதிரி எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இருபது. நன்னடத்தைச் சான்று ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். என்சிசி சான்றிதழ் இருந்தால் கட்டாயம் வையுங்கள், போனஸ் மதிப்பெண் உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் சான்றுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்வர நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விண்ணப்பமும் தேர்வும்

விண்ணப்பம் தரைப்படையின் அதிகாரப்பூர்வ ஆள்சேர்ப்புத் தளமான ஜாயின் இந்தியன் ஆர்மியில் மட்டும். அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அறிவிப்பு வருகிறது. கட்டணம் 250 ரூபாய். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் அண்ணனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அட்மிட் கார்டு வந்ததே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி என மூன்று ஆள்சேர்ப்பு அலுவலகங்கள். எந்த மாவட்டம் எதற்குக் கீழே என்று பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஊர்தான் நம் அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். மதுரைக்காரர்கள் கோவைக்குக் கீழே வருகிறார்கள், கன்னியாகுமரிக்காரர்கள் திருச்சிக்குக் கீழே.

2023 முதல் முறை மாறிவிட்டது. முதலில் கணினித் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் மைதானம். ஜிடிக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, 100 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும், தெரியாததை விட்டுவிடுங்கள். பொது அறிவு, அறிவியல், கணக்கு, கொஞ்சம் தர்க்கம், எல்லாம் பத்தாம் வகுப்பு அளவுதான். 2025 முதல் தமிழிலும் எழுதலாம். எங்கள் காலத்தில் இது கனவு. நம் சமச்சீர் அறிவியல், கணக்குப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து ஒருமுறை புரட்டினாலே பாதி வேலை முடிந்தது. ஐயாயிரம் பத்தாயிரம் கட்டி அகாடமியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. "உள்ளே ஆள் இருக்கிறார், மூன்று லட்சம் கொடுத்தால் முடித்துவிடலாம்" என்று யாராவது வருவார்கள். கணினித் தேர்வு, கைரேகை, கேமரா என்று ஆகிவிட்ட முறையில் அந்த ஆளால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் உங்கள் திறமையில் தேறினால் தன்னால்தான் தேறினீர்கள் என்று பணத்தை வைத்துக்கொள்வார். தேறாவிட்டால் போனை அணைத்துவிடுவார். அவர் தொழிலே அவ்வளவுதான்.

மைதானம்

1.6 கிலோமீட்டர். 400 மீட்டர் டிராக் என்றால் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முதல் குழு, 60 மதிப்பெண். ஐந்தே முக்காலுக்குள் இரண்டாம் குழு, 48. 2025இல் அதற்குக் கீழே மேலும் இரண்டு குழுக்களைச் சேர்த்து ஆறேகால் நிமிடம் வரை அனுமதித்தார்கள், ஆனால் மதிப்பெண் 36, 24 என்று இறங்கும்.

ஐந்தரை நிமிடம் என்பது சுற்றுக்கு 82 நொடி. இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகக் கிளம்பும்போது எல்லோரும் முதல் சுற்றை 70 நொடியில் ஓடுவார்கள், நம் காலும் தானாக இழுக்கும். மூன்றாவது சுற்றில் அவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். 80, 83, 85, கடைசிச் சுற்று வந்ததைக் கொடு என்று ஓடிப் பழகியவன்தான் கயிற்றைத் தாண்டுகிறான்.

பையன்கள் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. பீமில் 6 எடுத்தால் 16 மதிப்பெண், 10 எடுத்தால் 40. நான்கு இழுப்புக்கு 24 மதிப்பெண். ஓட்டத்தில் இரண்டாம் குழுவிலிருந்து முதல் குழுவுக்கு ஏறினால் 12தான். ஓட்டத்தில் பதினைந்து நொடி குறைக்க ஆறு மாதம் ஆகலாம். பீமில் நான்கு கூட்ட, வீட்டு வேப்பமரக் கிளையில் தினம் இரண்டு வேளை தொங்கினால் மூன்று மாதம் போதும். ஆட்டி எடுக்காதீர்கள், கால் உதைத்து எடுத்தால் எண்ண மாட்டார்கள். ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் கட்டைமேல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை. பழகாமல் போய் அதில் விழுபவர்களும் இருக்கிறார்கள்.

உயரம் தமிழ்நாட்டுக்கு ஜிடியில் 166 செ.மீ., மார்பு 77, விரித்தால் 5 கூட வேண்டும். உயரம் கூட்டும் மாத்திரை என்று விற்பதை வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முகாமுக்குப் போகும்போது கைபேசியில் சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும். தகவமைப்புத் தேர்வு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். புதிய இடம், புதிய ஆட்கள், அதட்டல் இவற்றுக்கு நீங்கள் ஒத்துப்போவீர்களா என்று பார்க்கும் கேள்விகள். அதை உங்கள் போனிலேயே எழுதச் சொல்வார்கள்.

மெடிக்கல்

ராணுவ டாக்டர் பார்க்கும் முன் நீங்களே அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காதில் அழுக்கு, பல்லில் சொத்தை, இவை சரிசெய்யக்கூடியவை. தட்டைப் பாதம், முட்டி இடித்தல், நரம்புச் சுருட்டு, விரைவீக்கம் ஆகியவற்றை முன்பே தெரிந்துகொண்டால் என்ன செய்யலாம் என்று கேட்கவாவது நேரம் இருக்கும். பச்சை குத்துவதில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் மட்டும் அனுமதி. மார்பில் தலைவர் படம் குத்தியவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அன்ஃபிட் என்று எழுதினாலும் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு, சீட்டில் சொன்ன நாளுக்குள் போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்.

சென்டர்

தேறியவர்களை ஏதாவது ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்கள். தமிழ்ப் பையன் என்றாலே குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் என்று நினைக்க வேண்டாம். 1758இல் தொடங்கிய ரெஜிமென்ட் அது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற அதன் முழக்கத்தை மலையாளிகளும் தெலுங்கர்களும் கன்னடர்களும் சேர்ந்து கத்துவதைக் கேட்க வேண்டும்! பெங்களூரில் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள் இருக்கிறார்கள், ராணுவம் முழுக்க அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். ஆனால் நாசிக், செகந்திராபாத், ஜபல்பூர் என்று எங்கே வேண்டுமானாலும் சீட்டு விழலாம்.

அதனால் கொஞ்சம் இந்தி பழகிக்கொண்டு போங்கள். இதில் அரசியல் ஒன்றும் இல்லை, 'தஹினே முட்' என்று கத்தும்போது நீங்கள் மட்டும் இடப்பக்கம் திரும்பினால் பயிற்சி தரும் உஸ்தாத் மொத்த பிளட்டூனையும் முட்டி போட வைப்பார். எண்கள், கட்டளைகள், சாப்பாடு, உடம்பு சரியில்லை என்று சொல்வது, இவ்வளவு போதும். மீதி மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும். லங்கர் என்ற சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் சப்பாத்தி, பருப்பு. முதல் இரண்டு வாரம் சோற்றை நினைத்துத் தூக்கம் வராது, அப்புறம் பசியில் எல்லாம் சரியாகிவிடும்.

நினைத்தபோது வேலையை விட்டு வர முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். அசாதாரணக் காரணம் இருந்தால் மட்டுமே இடையில் விடுவிப்பார்கள். விடுமுறை ஆண்டுக்கு 30 நாள்.

படிப்பு

பையன்கள் காதில் வாங்காத பகுதி இதுதான்.

10 முடித்துச் சேர்ந்தவர்களுக்குப் பணியிலிருந்தபடியே 12ஆம் வகுப்பு முடிக்க ஏற்பாடு இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ் வழியாக. அதோடு இக்னோ பல்கலைக்கழகம் அக்னிவீர்களுக்கென்றே ஒரு மூன்றாண்டுப் பட்டத்தை வடிவமைத்தது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி, படையில் நீங்கள் கற்கும் தொழில்நுட்பப் பயிற்சிக்கே கிடைக்கும். மீதிப் பாதியை மொழி, வரலாறு, பொருளாதாரம், சுற்றுச்சூழல், ஆங்கிலத் தொடர்பு போன்ற பாடங்களைப் படித்துச் சேர்க்க வேண்டும். ஓராண்டில் நிறுத்தினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம்.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் பாதி நாள் நைட் டியூட்டி, பாதி நாள் சிக்னல் இல்லாத போஸ்ட். யாரும் உங்களை உட்கார வைத்துப் படி என்று சொல்ல மாட்டார்கள். படிவத்தை எங்கே கேட்பது என்றே தெரியாமல் இரண்டு ஆண்டு போய்விடும். ஆகவே பயிற்சி முடிந்து யூனிட்டில் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்விப் பிரிவு ஹவில்தாரைத் தேடிப் பிடியுங்கள். யூனிட்டில் படிப்பு, தேர்வு, சான்றிதழ் விஷயமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பதிவு எண் வந்ததும் ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் இரண்டு முடிச்சு உண்டு.

நம் மாநில அரசு வேலைக்கு 10, பிறகு 12, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். 12ஐத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் இங்கே செல்லாது. எனவே 10 முடித்துப் போனவர்கள் முதலில் என்ஐஓஎஸ்ஸை முடியுங்கள், பட்டத்தை அப்புறம் தொடுங்கள். 4 ஆண்டில் பட்டம் முடியாமல் போனாலும் பரவாயில்லை, அதை ஊரில் வந்து முடிக்கலாம்.

இரண்டாவது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. ஒரு வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை எல்லாப் படியையும் தமிழ் வழியில் முடித்திருந்தால்தான் அது கிடைக்கும். பத்தாம் வகுப்பு கேட்கும் குரூப் 4க்கு நீங்கள் தமிழ் வழியில் படித்த பள்ளிப் படிப்பு அப்படியே நிற்கும். பட்டம் கேட்கும் குரூப் 2க்கு, வேறு மொழியில் பட்டம் வாங்கியிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். எஸ்ஐ தேர்வுக்கும் குரூப் 2க்கும் உட்காரவே பட்டம் வேண்டும் என்பதால், சலுகை போனாலும் பட்டம் வாங்குவதுதான் என் கட்சி. கிளம்பும் முன்பே பழைய பள்ளியில் தமிழ் வழிச் சான்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் மாறிவிட்டால் அலைய வேண்டும்.

நிரந்தரமாகிவிட்டால் படிப்பின் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். 12 முடித்த சிப்பாய் டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜுக்குத் தேர்வு எழுதி, பட்டத்தோடு லெப்டினன்ட்டாக வெளியே வரலாம். நேற்று சல்யூட் அடித்தவனுக்கு இன்று சல்யூட் விழும். பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் முன்னுரிமை, ஆர்மி பப்ளிக் பள்ளிகள். ஓய்வுக்குப் பிறகு பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் தொழிற்படிப்பு படிக்கும் மகனுக்கு மாதம் 2,500, மகளுக்கு 3,000. இது முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கானது என்பதால் 4 ஆண்டில் திரும்பி வருபவருக்குப் பொருந்தாது.

திரும்பி வரும் ஆண்டு

அக்னிவீர்களின் முதல் அணியின் பயிற்சி 2023 ஜனவரியை ஒட்டித் தொடங்கியது. அவர்களுக்கு 2026 கடைசி, 2027 தொடக்கத்தில் 4 ஆண்டு நிறைவு. மத்திய ஆயுதப் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 சதவீத இடம் முன்னாள் அக்னிவீர்களுக்கு என்று 2022இலேயே உள்துறை அறிவித்தது. வயது வரம்பில் முதல் அணிக்கு 5 ஆண்டு தளர்வு, அடுத்தவர்களுக்கு 3 ஆண்டு. அந்தக் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழிலும் நடத்துகிறார்கள். இட ஒதுக்கீடு இருந்தாலும் தேர்வு தேர்வுதான், வீடு தேடி ஆர்டர் வராது. கடைசி ஆண்டின் விடுமுறையை அதற்குப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள், நண்பன் கல்யாணங்களை கூகுள் பேயில் முடித்துவிடலாம்.

சேவா நிதிப் பணம் வருகிற வாரம் உங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் அதிகமாகத் தென்படுவார்கள். ஒருவர் பங்குக்கு ஜேசிபி வாங்கலாம் என்பார், இன்னொருவர் சீட்டுப் பிடிப்பார். முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தை ஒரு தேசிய வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, ரசீதை அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். யார் கேட்டாலும் "முதிர்வு தேதி வரல மாமா" என்று சொல்லலாம்.

அந்த பீரோவில் இன்னொரு ஃபைலும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், என்ஐஓஎஸ் சான்றிதழ், இக்னோ பதிவு எண், கடைசி நாளில் படை கொடுக்கும் திறன் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம். ஒவ்வொன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று, கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன்னால், அந்த மேசையிலேயே நின்று படித்துப் பாருங்கள்.